சுருங்காத இரண்டு நட்சத்திரங்கள்

படத்தில் இலாரியோ உயிரோடு நின்றுகொண்டிருந்தான்.

சார்ஜென்ட் ரிக்கெல்மே அதை எங்கள் மேஜைமேல் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். நடுப்பகல். அந்த நேரத்தில் சான் லூக்காஸில் நாய்கூட நிழலை விட்டு வராது. போலீஸ் வந்திருக்கிறதென்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

"எப்ப வந்துச்சு?" என்றாள் ஊர்சுலா மர்தோனெஸ்.

"நேத்து சாயங்காலம், ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்கு. அனுப்பினவங்க பேரு இல்ல. யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கன்னு காலாமா பெரிய ஆபீசுக்கு எழுதினேன். அடுத்த மாசம் பாக்கலாங்கறாங்க."

"அடுத்த மாசமா? அவ்ளோ வேகமா?" என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். நான் தெல்ஃபின் அயாவிரே, துப்பறியும் தொழில் செய்யும் ஊர்சுலாவின் உதவியாளன். தெல்ஃபின் என்றால் டால்பின். கடலே எட்டாத உப்புப் பாலைவனத்தில் பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைத்தவர் என் அப்பா. கிண்டல் எனக்கு அந்த வழியாக வந்தது. சில வாரங்களாக அது மட்டும்தான் எனக்குள் வேலை செய்கிறது. மற்றதெல்லாம் மரத்துப் போய்விட்டது. ஏனென்றால் இலாரியோ சயிரே என் நண்பன். அவனும் நானும் ஒரே கம்பெனியில் வேன் ஓட்டியவர்கள். அவன் மகளுக்கு ஞானத்தகப்பன் நான். அந்த உறவில் அவன் என்னை 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிடுவான், அவன் மனைவியை நான் 'கொமாத்ரே' என்பேன். அவன் ராத்திரி டூரில் வேனோடு காணாமல் போன அன்றிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை.

படத்தைப் பார்த்தேன். வெள்ளை உப்பு நிலம். அதற்குப் பின்னால் மூதோ மலை. மேலே பால்வீதி செங்குத்தாக நின்றது. கீழே, உப்பின் ஓரத்தில், விரல்நகம் அளவில் ஒரு மனிதன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இடது தோள் இறங்கியிருந்தது. எங்கள் ஊரில் அந்தத் தோள் ஒருத்தனுக்குத்தான்.

"பழைய படமா இருக்கலாமே? டூருக்கு வர்ற போட்டோக்காரங்க எல்லாரும் அவனைத்தானே நிக்க வச்சு எடுப்பாங்க" என்றாள் ஊர்சுலா.

"நானும் அதான் நினைச்சேன் தோன்யா. இங்க பாருங்க." ஊரில் எல்லோரும் ஊர்சுலாவை மரியாதையாக 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவார்கள். சார்ஜென்ட் மலை உச்சியைத் தொட்டுக் காட்டினார். சின்னச் சிவப்பு வெளிச்சம். "புது செல்போன் டவர். இலாரியோ காணாமப் போன அப்புறந்தான் அதை நட்டாங்க. அப்ப இது புதுப் படம்தானே? அவன் உசிரோட இருக்கான்னுதானே அர்த்தம்?"

தேடலை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டதாம். இந்தப் படத்தைக் காட்டித்தான் அவர் காலாமாவிலிருந்து ஹெலிகாப்டர் கேட்டு வாங்கியிருக்கிறார். இன்று காலையிலிருந்து அது படத்தில் இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊருக்குத் தெற்கே, ஒரு காலத்தில் வெங்காரம் தோண்டிய பழைய குழிகள் இருக்கும் பக்கம்.

"படம் பொய்னு தெரிஞ்சா ஹெலிகாப்டரை உடனே திருப்பி அனுப்பணும், கேஸையும் மூடணும். நிஜம்னா நாளைக்கும் வச்சுக்கலாம். எனக்குப் படம்னா கல்யாணப் படம் ஒண்ணுதான் தெரியும். நீங்க பாத்துச் சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள." சார்ஜென்ட் என் பக்கம் திரும்பினார். "ஏய், என்ன பண்றே?"

நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கெட்டிலிலிருந்து அப்போதுதான் ஊற்றியது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

"வாய் வெந்துடும்டா" என்றாள் ஊர்சுலா.

"வெந்தாலாவது தெரியுதான்னு பாக்கறேன்" என்றேன். தெரியவில்லை.

*

படம் எடிட்டிங் கற்றுத்தரும் வகுப்பு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் நடந்தது. சந்தியாகோவிலிருந்து வந்திருந்த மத்தியாஸ் என்ற போட்டோக்காரர்தான் ஆசிரியர். எங்கள் ஊர் வானத்தை எடுக்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். எடுத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடுகிறவர்களுக்கு அவர் இங்கேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்.

படத்தைப் பற்றிக் கேட்க ஊரில் வேறு ஆள் இல்லை. வாய்க்கால் ஓரமாக அங்கே நடந்தோம். புதர்களின் மேல் ஆண்பிள்ளைச் சட்டைகள் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. நீலக் கட்டம் போட்டது ஒன்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்னடா?"

"வெயிலு. கண்ணு கூசுது."

ஊர்சுலா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு காய்ந்த அத்திப்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். யோசிக்கும்போதெல்லாம் அவளுக்கு அத்திப்பழம் வேண்டும். காலாமாக்காரி. நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது.

"இந்த வகுப்புல யாரெல்லாம் இருக்காங்க?"

"நாலஞ்சு வெள்ளைக்காரங்க. அவங்க எல்லாரும் போன வாரம் புதுசா வந்தவங்க, இலாரியோவைப் பாத்ததே இல்ல. அப்புறம் இலாரியோ வேன் ஓட்டின டூர் கம்பெனி முதலாளி கொன்சாலோ. ஆள் வச்சா சம்பளம் கொடுக்கணும்னு தானே கத்துக்கறாரு. அப்புறம் ரொசெந்தா."

"இலாரியோ பெண்டாட்டியா? அவ தங்கும் விடுதியில சமைக்கறவ இல்ல?"

"ஆமா. சமையல் முடிச்சுட்டு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துப்பா. ப்ரொஃபே, அதான் வாத்தியாரு, அவகிட்ட காசு வாங்கறதில்ல. பயிற்சிக்குக் கொடுக்கற படத்துலயெல்லாம் இலாரியோதானே நிக்கறான். வேற எங்க போய் அவனைப் பாப்பா?"

ஊர்சுலா இன்னொரு அத்திப்பழத்தை எடுத்தாள்.

"எனக்கு ஒரு யோசனை இருக்கு தோன்யா" என்றேன். "கொன்சாலோதான். இலாரியோ ராத்திரி வேலையில செத்தான்னா கம்பெனி பதில் சொல்லணும், பெண்டாட்டி பிள்ளைக்கு ஏதாவது செய்யணும். உசிரோட இருக்கான்னா அவன் வேன் திருடன். இன்சூரன்ஸும் வரும். படம் யாருக்கு லாபமோ அவருதான் பண்ணியிருப்பாரு."

"நல்லா இருக்கு. நிஜமாவும் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள்.

பள்ளி வாசலிலேயே கொன்சாலோ நின்று சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். அந்தோஃபகாஸ்தா கடற்கரைக்காரர். இந்த உயரத்தில் இன்னும் மூச்சு வாங்கும்.

"என்ன தெல்ஃபின், படம் பாத்தியா? நான் சொன்னேன்ல? என் வேனைத் தூக்கிட்டு வடக்கால எல்லைப் பக்கம் ஓடிட்டான்னு. காசு தீந்திருக்கும், திரும்பி வந்துட்டான்."

"ஓடிப் போனவன் கைல விளக்கு பிடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நிப்பானா முதலாளி?"

"அதை அவன்கிட்டயே கேளு. நீதானே அவனுக்கு எல்லாம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "கேக்கறேன், மொதல்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

*

ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே ஆளுக்கொரு திரையில் ஆளுக்கொரு நடுராத்திரி.

"இருட்டை ரொம்பத் தூக்காதீங்க!" மத்தியாஸ் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். "நிழல் ஸ்லைடரைக் கடைசி வரைக்கும் இழுத்தா ஏதேதோ தெரியும். புள்ளி, கோடு, செவப்பு, பச்சை. அதெல்லாம் அங்க இருந்தது இல்ல. கேமராவோட கற்பனை. இருட்டா இருக்க வேண்டியது இருட்டாவே இருக்கட்டும்."

கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. சாப்பாட்டு நேரம், ரொசெந்தா சமையலில் இருப்பாள்.

வகுப்பை ஓய்வுக்கு விட்டுவிட்டு மத்தியாஸ் எங்கள் படத்தைத் தன் திரையில் போட்டார். பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது என் வகுப்புல செஞ்சது."

"எப்படிச் சொல்றீங்க ப்ரொஃபே?" என்றாள் ஊர்சுலா.

"இந்த நீலம் என்னோடது. ராத்திரி வானத்துக்கு ஒவ்வொருத்தரும் ஒரு நிறம் வச்சிருப்பாங்க. எங்கிட்ட கத்துக்கறவங்க எல்லாருக்கும் இதே நீலந்தான் வரும். சமையல்காரர் கைப்பக்குவம் மாதிரி."

"படம் நிஜமா?"

அவர் மவுஸை உருட்டி இலாரியோவைப் பெரிதாக்கினார். என் நண்பன் திரை முழுக்க வந்தான். தொப்பி, கழுத்துத் துணி, இறங்கிய தோள். பாதி முகத்தில் விளக்கு வெளிச்சம். சிரிக்கிறானா, வெளிச்சம் கண்ணில் பட்டுச் சுளிக்கிறானா தெரியவில்லை.

"விளக்கு எங்க இருக்கு?" என்று மத்தியாஸ் கேட்டார்.

"கையில" என்றேன்.

"முகத்துல வெளிச்சம் விழுதா?"

"விழுது."

"காலடியில?"

பார்த்தேன். உப்பு வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் நட்சத்திர வெளிச்சத்தில் எப்படி இருக்குமோ அப்படி, நீலம் பாய்ந்த வெள்ளை. விளக்கின் மஞ்சள் ஒரு சொட்டுக்கூட நிலத்தில் இல்லை.

"உப்புத் தரை கண்ணாடி மாதிரி" என்றார் மத்தியாஸ். "அதுல விளக்கோட நின்னா சுத்திலும் மஞ்சளா ஒரு வட்டம் விழணும். ஆளைப் பழைய படத்துலருந்து வெட்டி எடுத்துட்டாங்க. வட்டத்தை எடுத்து வர மறந்துட்டாங்க. கத்துக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு. ஆளைப் பாப்பாங்க, தரையைப் பாக்க மாட்டாங்க."

ஆக, படம் பொய். இலாரியோ அங்கே நிற்கவில்லை. எங்கேயும் நிற்கவில்லை. இதைக் கேட்டதும் எனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நாற்காலி கையில் ஒட்டியிருந்த பழைய சூயிங்கத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப வெட்டி ஒட்டினது யாரு?" என்றாள் ஊர்சுலா.

"அது எனக்கு எப்படித் தெரியும்? பாதி நல்ல வேலை. பாதி அவசர வேலை. இதோ, வானத்தைப் பாருங்க. எல்லா நட்சத்திரத்தையும் சுருக்கியிருக்காங்க. அதுவும் நான் சொல்லிக்கொடுக்கறதுதான். ஒரே தட்டு, எல்லாம் ஊசிமுனை அளவுக்குச் சின்னதாகிடும், பால்வீதி எடுப்பாத் தெரியும். ஆனா இங்க..." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "இங்க ஒரு தப்பு. இந்த ரெண்டு நட்சத்திரம் மட்டும் சுருங்காம அப்படியே இருக்கு. தானா இப்படி ஆகாது. யாரோ வேலை மெனக்கெட்டு இது ரெண்டையும் சுத்திக் கையால கோடு போட்டு, தொடாம விட்டிருக்காங்க. எதுக்குன்னு புரியல. படத்தையே கெடுக்குது."

நான் எட்டிப் பார்த்தேன். பால்வீதியின் நடுவில் கறுப்பான இடம். அதன் ஒரு நுனியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெரிய நட்சத்திரங்கள்.

"எனக்கு ஒண்ணும் கெட்டதாத் தெரியலயே. சரியாத்தானே இருக்கு" என்றேன்.

ஊர்சுலா அத்திப்பழத்தை மெல்லுவதை நிறுத்தினாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"என்னடா சொன்னே?"

"சரியா இருக்குன்னு சொன்னேன். ஏன், பேசக் கூடாதா?"

"போட்டோ வாத்தியாருக்குத் தப்பாத் தெரியுது. எனக்கு எதுவும் தெரியல. உனக்கு மட்டும் எப்படிடா சரியாத் தெரியுது?"

"அது கண்ணு தோன்யா. கண்ணை யாராவது சின்னதாக்குவாங்களா?"

"யாரு கண்ணு?"

"லாமாவோட கண்ணு." எனக்கே அலுப்பாக இருந்தது, இதையெல்லாம் ஒருத்தருக்கு விளக்க வேண்டியிருக்கிறதே என்று. "அந்தக் கறுப்பு இருக்கே, அதுதான் லாமா. அதோ கழுத்து, அதோ வயிறு, கீழே குட்டி. இந்த ரெண்டும் கண்ணு. அது ராத்திரி எறங்கி வந்து தண்ணி குடிக்கும். சின்னப் பிள்ளையில விரலை நீட்டி அதை மறைச்சாக்கூட எங்கம்மா கையில அடிப்பா. கண்ணை மறைச்சா அதுக்கு வழி தெரியாம நின்னுடும்னு. எங்க ஊருல எவனும் அதைத் தொட..."

நான் நிறுத்தினேன்.



"தொட மாட்டான்" என்று ஊர்சுலா முடித்தாள். "இங்க பொறந்தவங்க தொட மாட்டாங்க. கொன்சாலோ கடற்கரைக்காரர். வெள்ளைக்காரங்களுக்கு இந்தக் கதை தெரியாது. ப்ரொஃபே, உங்க வகுப்புல இந்த ஊருல பொறந்தவங்க எத்தனை பேரு?"

மத்தியாஸ் திரும்பினார். காலியாக இருந்த கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

*

விடுதிச் சமையலறையில் பூசணிக்காய் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ரொசெந்தா எங்களைப் பார்த்தும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கிண்ணங்களை எடுத்து ஊற்றினாள்.

"உக்காருங்க கொம்பாத்ரே. நீங்களும் உக்காருங்க தோன்யா. சாப்பிட்டுப் பேசலாம்."

அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. என் குரலும் இப்போது அப்படித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் வந்தது, போனது, மறுபடி வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் சத்தம் போகும்போதெல்லாம் அவள் கை கொஞ்சம் நின்றது. வரும்போது கிளறத் தொடங்கியது.

"நல்லா செஞ்சிருக்கே" என்றாள் ஊர்சுலா.

"சூப்பா?"

"படம்."

ரொசெந்தா அடுப்பைக் குறைத்தாள். "எப்படித் தெரிஞ்சுது? விளக்கா?"

"கண்ணு. லாமாவோட கண்ணை நீ சுருக்கல."

"எப்படிச் சுருக்குவேன்?" என்றாள் அவள், இதில் என்ன அதிசயம் என்பது போல. "பொய் சொல்லணும்னு முடிவு பண்ணினேன். அதுக்காக அதோட கண்ணையா அவிப்பேன்? அன்னிக்கு ராத்திரி அவருக்கு வழி காட்ட வேற யாரு இருந்தா?"

எனக்குத் தாங்கவில்லை. சோகம் என்று சொல்ல முடியாது. தலைக்குள் காற்றுப் போகாத அறை மாதிரி இருந்தது. வழக்கம்போல வாய்தான் முந்தியது.

"ஏன் கொமாத்ரே? சார்ஜென்ட் நம்பிட்டாரு. நானும் கொஞ்சம் நம்பிட்டேன். அவன் உசிரோட நிக்கறான்னு படத்தைப் பாத்ததுலேருந்து..."

"நீங்க நம்பல" என்றாள் ரொசெந்தா.

"எப்படிச் சொல்றே?"

"வாய்க்கால் வழியாத்தானே வந்தீங்க?"

நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

ஊர்சுலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சட்டையா? புதர் மேல காஞ்சுதே, அதுவா?"

"உசிரோட இருக்கறவங்க துணியை வீட்டுத் தொட்டியில துவைப்போம்" என்றேன் நான். "போனவங்க துணியைத்தான் ஓடற தண்ணிக்கு எடுத்துட்டுப் போவோம்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் நான் அதைச் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. பார்த்த அந்தக் கணத்திலேயே தெரிந்திருந்தது. தெரியாத மாதிரி நடந்து வந்தேன், அவ்வளவுதான்.

"அவரு செத்துட்டாருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் ரொசெந்தா. "எங்கன்னும் தெரியும். அதைத்தான் யாரும் கேக்கல."

இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரி மேலிருந்து ஒரு பழைய மடிக்கணினியை எடுத்தாள். மத்தியாஸ் வகுப்புக்காகக் கொடுத்தது. உறைமேல் மாவு படிந்திருந்தது. ஒரு படத்தைத் திறந்தாள். முழுக்கக் கறுப்பு.

"கடைசி ராத்திரி. ப்ரொஃபேயைப் படமெடுக்க அவருதான் கூட்டிட்டுப் போயிருந்தாரு. பாட்டரி எடுத்துட்டு வர்றேன்னு அவரு வேனை எடுத்துட்டுக் கிளம்பினாரு. ப்ரொஃபே கேமராவை முக்காலியில விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அது பாட்டுக்கு ஒண்ணு மேல ஒண்ணா எடுத்துட்டிருந்துது. எல்லாம் வீணாப்போன படம், பயிற்சிக்கு வச்சுக்கோங்கன்னு வகுப்புல குடுத்துட்டாரு. நான் இதை எடுத்து வச்சுக்கிட்டேன். ஒரு நாள் நிழல் ஸ்லைடரைக் கடைசி வரைக்கும் இழுத்தேன்."

இழுத்தாள். கறுப்பு சாம்பலாகி, புள்ளி புள்ளியாகப் பொரிந்து, நடுவே உப்பு நிலமும் பின்னால் மூதோ மலையும் மங்கலாக எழுந்து வந்தன. ஓரத்தில் சின்னதாகச் சிவப்புக் கீறல் ஒன்று, வேனின் பின்விளக்கு இழுத்த கோடு.

"இது வடக்கு இல்ல" என்றேன்.

"இல்ல. தெக்கு. வெங்காரக் குழி வழியா நம்ம வீட்டுக்கு வர்ற குறுக்குப் பாதை."

அந்தப் பாதையில் கோடை மழைக்குப் பிறகு யாரும் போகாதபடி கயிறு கட்டிவிட்டார்கள். உப்பு மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், கீழே சேறு. வண்டி போனால் இறங்கிவிடும். டிரைவர்கள் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அதனால் தேடும்போதும் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

"எதுக்குடா அந்த வழி?" என்று ஊர்சுலா என்னைக் கேட்டாள்.

ரொசெந்தாவே சொன்னாள். "பிள்ளைக்குக் காய்ச்சல். மத்தியானமே போக மாட்டேன்னாரு. நான்தான் போங்க, ஒண்ணுமில்லன்னு அனுப்பினேன். பாட்டரி எடுக்கற சாக்குல வீட்டை எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு நினைச்சிருப்பாரு. சுத்து வழியில போனா நேரமாகிடும், முதலாளிக்குத் தெரிஞ்சுடும்."

அடுத்த படத்தைத் திறந்து இழுத்தாள். சிவப்புக் கீறல் முதல் படத்தில் முடிந்த இடத்திலிருந்து தொடங்கியது. அதற்கடுத்த படத்திலும் அப்படியே. நாலாவது படத்தில் ஒன்றுமில்லை.

"ப்ரொஃபேகிட்ட காட்டினேன். பாக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சாரு. இருட்டை ரொம்பத் தூக்கிட்டே, அது கேமராவோட கற்பனைன்னாரு. சார்ஜென்ட்கிட்ட கொண்டு போனேன். அவரு ப்ரொஃபேகிட்ட போன்ல கேட்டுட்டு, 'தூசும்மா, வீட்டுக்குப் போங்க'ன்னாரு." அவள் திரையில் அந்தக் கீறலை விரலால் தொட்டாள். "தூசு வண்டி ஓட்டுமா தோன்யா? ஒரு படத்துல விட்ட எடத்துலருந்து அடுத்த படத்துல கிளம்புமா?"

ஊர்சுலா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தேடறதை நிறுத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜப் படத்தைக் காட்டினா தூசுங்கறாங்க. சரி, அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு செய்வோம்னு தோணிச்சு. பளிச்சுனு, நீலமா. நட்சத்திரம் எல்லாம் சின்னதா. டவர் நட்டப்புறம் ஒருநாள் நானே போய்த் தரையையும் வானத்தையும் எடுத்துட்டு வந்தேன். அவரை வெட்டி எடுக்கத்தான் ரொம்ப நாளாச்சு. தோள்கிட்ட வந்ததும் மேல வெட்ட முடியாது. வீட்டுக்குப் போயிடுவேன். மறுநாள் வந்து மறுபடி." அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கடைசிக் கீறல் முடிஞ்ச எடம் இருக்கில்ல? அங்கதான் அவரை நிக்க வச்சேன்."

சூப்பில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

ஊர்சுலாவின் போன் மேஜைமேல் அதிர்ந்தது. திரையில் ரிக்கெல்மே பெயர். இரண்டு தடவை அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"எடுக்கலையா?" என்றேன்.

"எடுத்தா என்ன சொல்ல? பொய்னு சொன்னா ஹெலிகாப்டர் திரும்பிடும். நிஜம்னு சொல்ல எனக்கு வாய் வராது. இதுவரைக்கும் போலீஸ்கிட்ட நான் பொய் சொன்னதில்ல." அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். "சூப்பு ஆறுது. மொதல்ல குடிப்போம்."

குடித்தோம். போன் அடித்தது, நின்றது. துப்பறியும் தொழிலில் நான் பார்த்த மிக நீளமான சாப்பாடு அதுதான். ஊர்சுலா இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள், அவளுக்குப் பூசணிக்காய் பிடிக்காது. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் துடைத்துச் சாப்பிட்டாள். வெளியே ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு அது சுற்றுவதை நிறுத்தியது. சத்தம் போகவில்லை. ஒரே இடத்தில் நின்று அடித்தது.

ரொசெந்தா அடுப்பை அணைத்தாள்.

போன் மறுபடி அதிர்ந்தபோது ஊர்சுலா எடுத்தாள். சார்ஜென்ட்டின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"தோன்யா, எங்க போயிட்டீங்க? வேன் கிடைச்சிருச்சு. குழியில, உப்புக்குக் கீழ, கூரை மட்டும் தெரியுது." மூச்சு வாங்கினார். "ஆளும் உள்ளதான் இருக்கான். ரொம்ப நாள் ஆயிருக்கு. அன்னிக்கு ராத்திரியே இறங்கியிருக்கணும். அப்ப அந்தப் படம்? நேத்து வந்த படத்துல எப்படி நின்னான்? படம் நிஜமா பொய்யா?"

"படத்துல எங்க நின்னான்?"

"குழி ஓரத்துல."

"வேன் எங்க இருக்கு?"

"அங்கேயேதான். பத்தடி தள்ளி."

"அப்புறம் என்ன கேள்வி சார்ஜென்ட்?" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.

ரொசெந்தா அழவில்லை. எதையோ செய்து முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கிறவள் போல நின்றாள். பிறகு மடிக்கணினியை மூடினாள். மூடுவதற்குமுன் ஏதோ ஒன்றைத் திறந்து, ஒரு பொத்தானை அழுத்தினாள். அந்தப் பொய்ப் படத்தை அழிக்கிறாள் என்று புரிந்தது.

"இனிமே அவரு அங்க நிக்க வேணாம்" என்றாள்.

என்னிடம் திரும்பினாள். "கொம்பாத்ரே, துணி காஞ்சிருக்கும். அதை எரிக்க மூட்டை கட்டித் தூக்க வேண்டியது நீங்கதான். உங்களை விட்டா அவருக்கு யாரு?"

எனக்குச் சொல்ல ஏதாவது கிண்டல் கிடைக்குமா என்று தேடினேன். இல்லை. வாய்கூட நின்றுபோயிருந்தது.

வாய்க்காலுக்குப் போனேன். ஊர்சுலா பின்னால் வந்தாள், ஆனால் புதர் அருகே வரவில்லை, தள்ளியே நின்றுகொண்டாள். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தேன். நீலக் கட்டம் போட்டதைக் கடைசியில் எடுத்தேன். அதன் இடது தோள் தையலில் இழுத்து இழுத்து விட்டிருந்த தேய்வு அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி நெஞ்சோடு தூக்கினேன்.

நாளெல்லாம் வெயிலில் கிடந்த துணி. சுட்டது.

எனக்குச் சுட்டது.